பெருவிடை வளர்க்க இரண்டு சென்ட் போதுமா?

கேள்வி இதுதான்: வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழி வளர்த்த பழக்கம் உண்டு. இப்போது பெருவிடை, அதாவது அசில் என்கிற சண்டைக்கோழி, இருபது குஞ்சு வாங்கி விடலாமா? சிறுவிடைக்கும் இதற்கும் வளர்ப்பில் என்ன வித்தியாசம்?

இருபது குஞ்சு வேண்டாம். ஒரு சேவல், இரண்டு பெட்டை போதும். இடம் தாராளமாகப் போதும், ஆனால் அந்த மூன்று கோழிக்குத்தான் போதும். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதில் நீளப் போகிறது.

சிறுவிடையை நாம் வளர்க்கிறோம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். காலையில் கூட்டைத் திறந்து விடுகிறோம், ஒரு கை குருணை வீசுகிறோம், சாயங்காலம் எண்ணி அடைக்கிறோம். மீதியை அது பார்த்துக்கொள்கிறது. பெருவிடையை அப்படி விட முடியாது. இது மெதுவாக வளர்கிற கோழி, தன் இனத்தோடு ஒத்துப்போகாத கோழி. கொட்டகையிலிருந்து தீனி வரை எல்லா வித்தியாசமும் இதிலிருந்துதான் வருகிறது.

எவ்வளவு மெதுவாக என்று தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். பிராய்லர் நாற்பது நாளுக்குள் இரண்டு கிலோ வந்துவிடும். பெருவிடைக் குஞ்சு ஒரு கிலோவைத் தொடவே நாலு மாதம்போல ஆகும். வெடைக்கோழி முதல் முட்டை வைக்க ஏழெட்டு மாதம், சில வளர்ப்பில் அதற்கும் மேல். சேவலுக்கு ஒரு வயதில் உயரம் வந்திருக்கும், உடம்பு வந்திருக்காது. நெஞ்சு விரிந்து, கழுத்து தடித்து, கண் வெளுத்து முழுச் சேவலாக நிற்க இரண்டு வருடம் வேண்டும். அப்போது சேவல் நாலு கிலோவும் அதற்கு மேலும் நிற்கும், பெட்டை மூன்று கிலோ. முட்டைக்காக இதை வளர்க்கிறேன் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுவேன். வருடத்துக்கு முப்பது, நாற்பது முட்டை கிடைத்தால் சரி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

அசில் என்ற பெயர் அரபியிலிருந்து வந்தது. நாம் 'அசல்' என்கிறோமே, அதே வேர்தான். நிமிர்ந்த நிற்பு, உடம்போடு ஒட்டிய குட்டை இறகு, தலையோடு படிந்த சின்னக் கொண்டைப் பூ, கெட்டியான எலும்பு. இந்தச் சாடை உள்ள கோழிகள் இந்தியாவிலிருந்து கிழக்கே ஜப்பான் வரை ஒரே குடும்பம்போல் பரவியிருக்கின்றன. மலாய்க் கோழி அதில் ஒன்று. ஜப்பானின் ஷாமோ இன்னொன்று. சயாம் என்ற நாட்டுப் பெயர் (இன்றைய தாய்லாந்து) திரிந்துதான் ஷாமோ ஆனது. ஜப்பான் அரசு 1941-இல் அதை நாட்டின் இயற்கைச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்துக் காப்பில் வைத்தது. நம் பக்கத்துக்கு வந்தால், விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்கு எடுத்த பழைய நடுகல்லே இருக்கிறது, சேவல் உருவமும் வட்டெழுத்துமாக. இன்னொரு செய்தி எனக்கு எப்போதும் மனதில் நிற்கும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் நம் அசிலை அவர்களுடைய சண்டைக்கோழியோடு சேர்த்து ஓர் இனம் எடுத்தார்கள். அந்த கார்னிஷ் கோழியிலிருந்து வந்ததுதான் இன்றைய பிராய்லரின் அகன்ற நெஞ்சு. உலகம் முழுக்கத் தின்கிற கோழியின் நெஞ்சுக்கறியில் நம் ஊர்க் கோழிக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

சரி, வாங்குவதைப் பார்ப்போம்.

முதலில் உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். சாதாரணப் பெருவிடையா, கிளிமூக்கு விசிறிவாலா? கிளிமூக்கு என்பது இதே அசிலிலிருந்து அழகுக்காகவே பல தலைமுறை தேர்ந்து எடுத்த வளர்ப்பு. கிளியைப் போல வளைந்த குட்டை மூக்கு, தரையோடு படுத்தாற்போல நீண்ட வால். திண்டுக்கல் பக்கம் இதற்குக் கண்காட்சிகள் நடக்கின்றன. விலை பெரிது. புதிதாகத் தொடங்குகிறவர் அதில் கைவைத்தால் இழப்பும் பெரிது. முதல் இரண்டு வருடம் நல்ல எலும்புள்ள சாதாரணப் பெருவிடை வையுங்கள். கை பழகட்டும்.

சந்தையில் வாங்காதீர்கள். சந்தைக்கு வருகிற கோழியோடு நாலு ஊர் நோயும் வரும். வளர்க்கிறவர் வீட்டுக்கே போய், தாயையும் தகப்பனையும் கண்ணால் பார்த்து, ஆறேழு மாத வெடைக்கோழியாக வாங்குங்கள். கையில் தூக்கிப் பாருங்கள். அளவைவிடக் கனமாக, கல்லைத் தூக்கியதுபோல் இருக்க வேண்டும். நெஞ்செலும்பை விரலால் தடவினால் கோணல் இல்லாமல் நேராக ஓட வேண்டும். உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள், ஆணி இருக்கக் கூடாது. விரல்கள் நேராக இருக்கிறதா, மூச்சில் கரகரப்பு இருக்கிறதா, பின்புறத்து இறகில் எச்சம் அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். நிறத்துக்கு மயங்க வேண்டாம். காகம், கீரி, மயில், செவலை, பொன்றம் என்று நிறத்துக்கு ஒரு பெயரும் அதற்கு ஒரு பலனும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். கோழியின் உடல்நலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கண் வெள்ளையாக இல்லை என்று இளங்கோழியைக் கழிக்கவும் வேண்டாம், அது வயது ஏற ஏறத்தான் வெளுக்கும்.

சேவலை வேறு வளர்ப்பிலிருந்து, கொஞ்சம் தள்ளிய ஊரிலிருந்து வாங்குங்கள். அண்ணன் தங்கையாக ஒரே இடத்தில் வாங்கினால் மூன்றாவது தலைமுறையிலேயே கூமுட்டை கூடும், விரல் கோணும், குஞ்சு சோரும். எங்கிருந்து வந்தாலும் மூன்று வாரம் தனியாக, வீட்டின் இன்னொரு மூலையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். பெட்டைகளையும் திடீரென்று ஒன்றாக விடாதீர்கள். நடுவில் வலை போட்டு ஒரு வாரம் பார்த்துப் பழகவிடுங்கள். அசில் பெட்டைகள் போட்டுக்கொள்ளும் சண்டையைப் பார்த்தவர்கள், சேவல்தான் சண்டைக்கோழி என்று இனி சொல்ல மாட்டார்கள்.

இப்போது இடம். இரண்டு சென்ட் என்றால் ஏறக்குறைய 870 சதுர அடி. சிறுவிடைக்கு அதில் ஐம்பது கோழிகூட விடுவார்கள். பெருவிடைக்குக் கணக்கு வேறு. சேவல் ஒவ்வொன்றுக்கும் தனி அறை, குறைந்தது நாலுக்கு நாலு அடி, முடிந்தால் ஆறுக்கு நாலு. இரண்டு சேவலுக்கு நடுவில் கம்பிவலை மட்டும் இருந்தால் போதாது. ஒன்றை ஒன்று பார்த்தபடி நாள் முழுக்க வலையில் மோதி மூக்கையும் பூவையும் கிழித்துக்கொள்ளும். இரண்டடி உயரத்துக்காவது தகரமோ பலகையோ தட்டியோ வைத்துக் கண்ணை மறையுங்கள். முறை வைத்து ஒவ்வொரு சேவலாகத் திறந்த வெளியில் விட வேண்டும். காலில் கயிறு போட்டுக் கட்டி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். நான் அதை முழுநேர ஏற்பாடாக ஒப்புக்கொள்வதில்லை. ஒரு மணி, இரண்டு மணி நேரம் என்றால் மெத்தென்ற பருத்திக் கயிறு, நிழல், எட்டும் தூரத்தில் தண்ணீர், சுற்றிக்கொள்ள எதுவும் இல்லாத தரை, இவ்வளவும் வேண்டும்.

தரையில் மணல் போடுங்கள், சிமெண்ட் வேண்டாம். உட்காருகிற கட்டை ஒன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது, இரண்டங்குல அகலமாவது இருக்க வேண்டும். சிறுவிடை வேப்பமரத்தில் ஏறித் தூங்கும், ஒன்றும் ஆகாது. நாலு கிலோ சேவல் அந்த உயரத்திலிருந்து காலையில் குதித்தால் உள்ளங்காலில் அடிபட்டு வீங்கும், அதுதான் பிறகு ஆணியாகிறது. ஒரு மூலையில் சாம்பலும் மணலும் காய்ந்த வேப்பிலைத் தூளும் கலந்து வையுங்கள். அதில் புரண்டு குளித்தால் பேனும் செல் என்கிற சிறு பூச்சியும் பெரும்பாலும் அண்டாது. இராத்திரிக்குக் கதவு கெட்டியாக இருக்கட்டும். மரநாய் ஒரு முறை உள்ளே போனால் எதையும் விட்டுவைக்காது.

நான் செய்த பெரிய தவறு இந்த இட விஷயத்தில்தான். முதல் ஈட்டில் பதினொரு குஞ்சு தேறியது. அதில் ஆறு சேவல். எல்லாம் ஒரு தாய்க் குஞ்சு, ஒன்றாகவே வளர்ந்தவை, என்ன செய்துவிடப் போகிறது என்று ஐந்தாவது மாதம் வரை ஒரே கொட்டகையில் விட்டிருந்தேன். ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பினால் எல்லாத் தலையிலும் இரத்தம். ஒன்று செத்துக் கிடந்தது, ஒன்றுக்கு இரண்டு கண்ணும் போயிருந்தது. அந்தக் குருட்டுச் சேவலுக்கு அப்புறம் மூன்று வருடம் கையில்தான் தீனி கொடுத்தேன். என் காலடிச் சத்தம் கேட்டால் தலையைத் திருப்பும். அதனால் சொல்கிறேன், சேவல் குஞ்சுகள் மூன்று மாதத்திலேயே நெஞ்சை நிமிர்த்தி ஒன்றை ஒன்று முறைக்கத் தொடங்கும். முறைப்பு தொடங்கிய வாரமே பிரித்துவிட வேண்டும். ஒரு முறை தீர்மானமாகச் சண்டை நடந்துவிட்டால் அவற்றைத் திரும்பச் சேர்க்கவே முடியாது. பிரிக்க இடம் இல்லாதவர் குஞ்சு பொரிக்க வைக்கக் கூடாது. இருபது குஞ்சு வேண்டாம் என்று முதலிலேயே சொன்னதற்குக் காரணம் இதுதான். இருபதில் ஏறக்குறைய பத்து சேவலாக இருக்கும், பத்துக்கும் பத்து அறை வேண்டும்.

இவ்வளவு மூர்க்கமும் தன் இனத்தோடுதான். மனிதரிடம் இதைப்போல் பணிவான கோழியை நான் பார்த்ததில்லை. தினம் சாயங்காலம் பத்து நிமிடம் மடியில் வைத்துப் பழக்குங்கள். கால், கண், இறகடி எல்லாம் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் தெரியும்: எடை குறைந்திருக்கும், தீனிப்பை காலியாக இருக்கும்.

தீனியில் ஒரே ஓர் எச்சரிக்கை. சீக்கிரம் பெரிதாகட்டும் என்று பிராய்லர் தீவனம் கொடுக்காதீர்கள். எலும்பு முற்றுவதற்குள் உடம்பு கனத்தால் கால் வளைந்துவிடும். வளைந்த கால் நிமிராது. முதல் எட்டு வாரம் சாதாரணக் குஞ்சுத் தீவனம், அப்புறம் கம்பு, சோளம், கேழ்வரகு, கொஞ்சம் உடைத்த கடலைப் புண்ணாக்கு, தினம் ஒரு பிடி முருங்கைக் கீரையோ அகத்தியோ போதும். குஞ்சுக்குக் கரையானைவிட நல்ல தீனி கிடையாது. பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டு எல்லாம் அடைத்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் தரையில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் பானை நிறைய இருக்கும். முட்டையிடும் பெட்டைக்குக் கிளிஞ்சல் தூள் தனிச் சட்டியில் வையுங்கள். கோடையில் தண்ணீர் மண்சட்டியில், நிழலில், இரண்டு வேளை மாற்ற வேண்டும்.

நோய் என்றால் வெள்ளைக்கழிச்சல்தான் முதல் பயம். வந்தபின் மருந்து கிடையாது. மஞ்சளும் மிளகும் பூண்டும் அரைத்துக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, நானும் கொடுப்பேன், சளிக்கும் செரிமானத்துக்கும் நல்லதுதான். அதை நம்பித் தடுப்பூசியை விட்டவர்களின் கொட்டகை ஒரே வாரத்தில் காலியானதைப் பார்த்திருக்கிறேன். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் இன்னொரு முறை, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது திரும்பப் போட வேண்டும். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் வருடா வருடம் இதற்கு இலவச முகாம் நடத்துகிறது. கோடையில் நோய் கிளம்புவதற்கு முன் அது சரியான காலம். வளர்ந்த கோழிகளை அப்போது கூடையில் கொண்டு போய்விடுங்கள். ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுத்துவிடுவது நல்லது. தடுப்பூசி மருந்தை ஐஸோடுதான் கொண்டுவர வேண்டும், கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். வெயிலில் சட்டைப்பையில் வந்த மருந்து போட்டும் போடாததும் ஒன்றுதான். அம்மைக்கும் ஆறேழு வாரத்தில் ஊசி உண்டு. மழைக்காலத்தில் ஈரத் தரையில் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும், அதற்கு மருந்து இருக்கிறது, ஒரு நாள்கூடத் தள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள்.

அடை வைப்பதில்தான் சிறுவிடை வளர்த்த உங்கள் அனுபவம் உதவும், ஆனால் வேறு விதமாக. அசில் பெட்டை நல்ல தாய். குஞ்சுக்காகப் பாம்பையே எதிர்த்து நிற்கும். ஆனால் உடம்பு கனம், இறகு குறைவு. அடியில் முட்டை உடையும், ஓரத்து முட்டைக்குச் சூடு போதாது. அதனால் அசில் முட்டையை உங்கள் சிறுவிடைப் பெட்டைக்கு அடை வையுங்கள். பத்து முட்டைக்கு மேல் வேண்டாம். முதல் ஈட்டு முட்டையைச் சாப்பிட்டுவிடுங்கள், இரண்டாவது ஈட்டிலிருந்து எடுங்கள். இட்ட முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி குளிர்ந்த இடத்தில் மணலில் வைக்கலாம், ஒரு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் போடுவது எங்கள் வீட்டிலும் வழக்கம், பாட்டி சொன்னதற்காக இன்றும் போடுகிறேன். ஏழாவது நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, நரம்பு ஓடாத முட்டையை எடுத்துவிடுங்கள். இருபத்தோராம் நாள் பொரியும். ஐப்பசி, கார்த்திகையில் குஞ்சு எடுக்காதீர்கள். தை பிறந்து எடுக்கிற குஞ்சு தேறுகிற அளவுக்கு மழைக் குஞ்சு தேறாது. சேவல் ஒன்றரை வயதைத் தாண்டிய பிறகே இணை சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் கால்முள்ளின் கூரை அரத்தால் மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்டையின் முதுகு கிழிந்துவிடும்.

அக்கம்பக்கத்தையும் இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நாலு மணிக்குச் சேவல் கூவும். சுவரை ஒட்டி வீடு இருந்தால் சேவலின் அறையை எதிர் மூலையில் கட்டுங்கள். முதல் முட்டையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

கடைசியாக, மிஞ்சுகிற சேவல்கள். குஞ்சு எடுத்த அடுத்த வருடம் உங்கள் வாசலில் ஆள் வந்து நிற்பார்கள். நல்ல விலை சொல்வார்கள். எதற்கு என்று கேளுங்கள். விலங்குகளையும் பறவைகளையும் மோதவிடுவது 1960-ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், இரண்டு வருடம் மடியில் வைத்து வளர்த்ததன் காலில் கத்தி கட்டுவதற்கு விற்க எனக்கு மனம் வராது, உங்களுக்கும் வராது என்று நினைக்கிறேன். நான் விற்பது வளர்ப்புக்குக் கேட்பவர்களுக்கு மட்டும்தான், அவர்கள் கொட்டகையை ஒரு முறை பார்த்த பிறகு. மற்ற சேவல்களை எட்டு, பத்து மாதத்தில் கறிக்குக் கொடுத்துவிடுவேன், வீட்டிலும் ஆக்குவோம். அதை மறைக்க ஒன்றும் இல்லை. மெதுவாக வளர்ந்த கறி, குக்கரில் ஏழெட்டு விசில் கேட்கும், குழம்பு இரண்டாம் நாள்தான் ருசி. எத்தனை சேவலை வைத்துக்கொள்வது, எத்தனையைக் கொடுப்பது என்று அடை வைப்பதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். குஞ்சுக்குப் பிள்ளைகள் பெயர் வைத்த பிறகு அந்தப் பேச்சை எடுக்க முடியாது.